மடி அறை

டாக்டர் கல்யாணசுந்தரம் மடி ஆச்சாரத்தையெல்லாம் கும்பகோணத்திலேயே தலைமுழுகிவிட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறியவர். இது ஊர் சொன்னதல்ல, அவரே சொல்லிக்கொள்வது. அவருடைய அம்மா மடிப்புடவையைக் கொம்பால் எடுத்துக் கொடியில் போடுவதை எந்த விருந்திலும் நடித்துக் காட்டாமல் அவர் விட்டதில்லை. சிரிப்பு அடங்கியதும், "என்ன அஞ்ஞானம் பாருங்கோ" என்பார். அப்பேர்ப்பட்ட பகுத்தறிவாளர் தொண்ணூற்றெட்டில் திரும்பி வந்தார். புனேயில், கடக்வாஸ்லா போகிற சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில் டைரக்டராகச் சேர்ந்தார். சேர்ந்ததும் முதல் காரியமாக ஒரு மடி அறை கட்டினார்.

அவர் வைத்த பெயர் ஆர்.என்.ஏ. அறை. அதற்குத் தனிச் செருப்பு, தனி அங்கி, தனித் தண்ணீர். உள்ளே இருக்கும் சாமான் வெளியே வரலாம். வெளியே வந்த சாமான் கழுவிச் சுட்டெடுக்காமல் மறுபடி உள்ளே போகக்கூடாது. கதவுப் பிடியைத் தொட்டால் கையுறை மாற்ற வேண்டும். தும்மியவர் அன்று முழுக்க வெளியே. புனேயின் சதாசிவ் பேட்டிலிருந்து வந்த மந்தார் என்ற மாணவன், சேர்ந்த வாரமே அதற்கு 'சோவளே' என்று பெயர் வைத்தான். மராத்தியில் மடிக்கு அதுதான் பெயர், அவன் வீட்டிலும் பூஜை நாட்களில் இதே கெடுபிடிதானாம். இன்னொரு மாணவி ஸ்ரீலக்ஷ்மி அதைத் தமிழில் மடி அறை என்றாள். இரண்டு பெயரும் டாக்டர் காதில் விழாமல் இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த மடிக்குக் காரணம் இருந்தது. ஆர்.என்.ஏ. என்பது அப்படியொரு தொட்டாற்சுருங்கி. நம் தோலிலும் வியர்வையிலும் எச்சிலிலும் கண்ணீரிலும் அதை அரித்துத் தின்கிற ஒரு நொதி இருந்துகொண்டே இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அந்த நொதி லேசில் சாகாது. வெறும் விரல் ஒன்று பட்டால் போதும், மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்த சரக்கு ஒரு மணி நேரத்தில் தூளாகிவிடும்.

சரக்கு என்பது ஒரு முக்கோணம். மூன்று ஆர்.என்.ஏ. இழைகள் ஒன்றின் மடிப்பில் ஒன்று மாட்டிக்கொண்டு தாமாகவே முக்கோணமாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாது, அத்தனை சிறிசு. ஒரு முனையில் புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பிடிக்கும் கொக்கி. மற்ற இரண்டு முனையிலும், அந்தச் செல்லுக்குள் போய் அதைக் கண்டபடி வளரச் சொல்லும் மரபணுவின் வாயை அடைக்கிற துண்டுகள். ஈரலில் கட்டி வந்த எலிகளுக்கு அதை ஊசியில் ஏற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. எலி பிழைத்தால் ஒருநாள் மனிதனும் பிழைப்பான் என்பது கணக்கு.

அதை ஐந்து வருஷம் கஷ்டப்பட்டு நிற்கவைத்தவள் ஸ்ரீலக்ஷ்மி. ராஸ்தா பேட்டில் பிறந்து வளர்ந்த பெண், பாங்கு ஆபீசர் மகள், டாக்டரிடம் பி.எச்டி. மாணவி. மூளை கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. ஆனால் அந்த நாக்கு டாக்டரின் அறை வாசலுக்கு வந்ததும் சமர்த்தாக மடிந்து படுத்துக்கொள்ளும். படித்த பெண்களில் பலருக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

இரண்டாயிரத்து ஆறு ஜூன் வரை முக்கோணம் முக்கோணமாகவே இருந்தது. ஜூலையில் டாக்டர் டெல்லியில் ஒரு பேச்சுப் பேசினார். 'புற்றுநோய்க்கு ஒரு புனேத் தோட்டா' என்று ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அவர் படத்தைப் போட்டது. படத்தின் ஓரத்தில் ஸ்ரீலக்ஷ்மியின் முழங்கை தெரிந்தது. பத்திரிகையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய கையோடு டாக்டருக்கு ஓர் ஆசை வந்தது. எட்டு வருஷமாகப் பரிசோதனை மேஜைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், இனிமேல் கடைசிக் கட்டத்தைத் தம் கையாலேயே செய்வதாகச் சொன்னார்.

"ராசியான கைம்மா இது," என்று விரலை நீட்டிக் காட்டினார். "அமெரிக்காவுல இந்தக் கைய பாத்து ஆச்சரியப்படுவா."

ஆகஸ்டிலிருந்து முக்கோணம் உடைய ஆரம்பித்தது.

உடைந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஜெல் என்ற தட்டில் சரக்கை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், முழுசாக இருப்பது ஓரிடத்தில் பளிச்சென்று ஒரு கோடாக நிற்கும். உடைந்தது கீழே வரைக்கும் சாணி மெழுகின மாதிரி இழுத்துக்கொண்டு போகும். பிள்ளையார் சதுர்த்திக்கு மெழுகல். நவராத்திரிக்கு மெழுகல். காந்தி ஜயந்தியும் தசராவும் சேர்ந்து வந்த அன்று, ஆர்.என்.ஏ.வைக் கொண்டு மரபணுவின் வாயை அடைக்கலாம் என்று கண்டுபிடித்த இரண்டு அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அன்றைக்கும் மெழுகல்தான். டாக்டருக்கு அந்தப் பரிசு தம்மை உரசிக்கொண்டு போய்விட்டதாக ஒரு வருத்தம் இருந்தது. வருத்தம் கோபமாக மாற ஒரு நாள் பிடித்தது.

"எவனோ கைய வெக்கறான்," என்றார். "என் அறைல மடி போயிடுத்து."

அவர் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்ததும் மந்தாரும் ஸ்ரீலக்ஷ்மியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

மடி போனால் யாரைப் பிடிப்பது என்பதில் நம் ஊருக்கு நெடுங்கால அனுபவம் இருக்கிறது. அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அந்த நிலையத்தில் கண்ணாடிச் சாமான் கழுவி, அறையைத் துடைத்து, குப்பை கொண்டுபோய்ப் போடுகிறவள் ஆரோக்கியமேரி. புனே வழக்கப்படி எல்லாரும் அவளை மௌஷி, அதாவது சித்தி, என்பார்கள். ஸ்ரீலக்ஷ்மி மட்டும் தமிழ் உறவு கொண்டாடி மேரிக்கா என்பாள். கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கணவர் இருதயராஜுக்குப் பாரிசவாயு வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதிலிருந்து வீடு அவள் தலையில் நின்றது. ஒப்பந்த வேலை, டிசம்பர் வரை நடுவில் அறுபடாமல் வந்தால் நிரந்தரம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அந்த டிசம்பருக்காகத்தான் காய்ச்சலோடும் வந்தாள், மழையில் சாலை முழுகிய அன்றும் வந்தாள்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரித்தார். ஸ்ரீலக்ஷ்மியும் மந்தாரும் கூட நின்றார்கள்.

"மேரி, நீ கையுறை போட்டுக்கறது உண்டா?"

"போட்டுக்கறேன் சார்."

"எப்பப்ப?"

"கதவத் தொட்டா ஒண்ணு மாத்துவேன். தொடப்பத்தத் தொட்டா ஒண்ணு. மூஞ்சி சொறிஞ்சா ஒண்ணு. நீங்கதான சார் முதல் நாளு அப்டி சொல்லிக் குடுத்தீங்க."

"அதான் டப்பா டப்பாவா காலியாறதா? கையுறை என்ன மரத்துலயா காய்க்கறது?"

கையுறையை வாரி இறைக்கிறாள் என்பதும், கையுறை இல்லாமல் தொட்டுவிட்டாள் என்பதும் ஒரே மூச்சில் வந்த இரண்டு குற்றங்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாதே என்று அங்கே கேட்கக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் விஞ்ஞானம் படித்தவர்கள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"இந்த மாசக் கடைசியோட நிறுத்திக்கலாம். ஆபீஸ்ல சொல்லிடறேன்," என்றார் டாக்டர். அக்டோபர் அது. டிசம்பருக்கு எட்டிப் பிடிக்கும் தூரம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். பாவம் எந்த இடம் என்று ஸ்ரீலக்ஷ்மிக்கு ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தெரியும். டாக்டர் 'ராசியான கை'யோடு உள்ளே வந்த முதல் நாளே அவள் பார்த்துவிட்டாள். தலையில் தொப்பி, மேலே அங்கி, கையில் புதுக் கையுறை, எல்லாம் சாஸ்திரோக்தமாக மாட்டிக்கொண்டார். சொட்டு எடுக்கும் குழாய் நுனிகளைச் சுத்தம் செய்து மூடி வைத்த புதுப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். திறப்பதற்கு முன், அதை இரண்டு கையாலும் தொட்டு, கண்ணை மூடி, இரண்டு இமையிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு நெற்றியில் இருந்த விபூதியை ஒரு தரம் தொட்டுக்கொண்டார். பிறகு அதே விரல்களைப் பெட்டிக்குள் விட்டார்.

புதுப் புத்தகத்தை நாம் ஒற்றிக்கொள்வதில்லையா, முதல் சம்பளத்தை ஒற்றிக்கொள்வதில்லையா, அதே. அது அவருக்குப் பக்திகூட இல்லை, பழக்கம். மடியை நடித்துக் காட்டிச் சிரிக்கிற கைக்கும் ஒற்றிக்கொள்கிற கைக்கும் அறிமுகமே கிடையாது. கண்ணும் நெற்றியும் ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதியின் சொந்த ஊர். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். 'சார், கண்ணைத் தொட்டுட்டேள், கையுறையை மாத்திண்டுடுங்கோ' என்று நாலே வார்த்தை. ஆனால் ஸ்ரீலக்ஷ்மியின் ஆய்வேட்டில் நவம்பரில் கையெழுத்துப் போட வேண்டிய கை அது. ஒருவேளை அவரே கவனித்துத் திருத்திக்கொள்வார் என்று முதலில் நினைத்தாள். அப்புறம், ஆதாரம் இல்லாமல் ஒரு பெரியவரைச் சொல்வது விஞ்ஞான முறையல்ல என்று நினைத்தாள். மனசாட்சி உறுத்தும் போதெல்லாம் விஞ்ஞான முறை வந்து கை கொடுக்கும். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "வாயை மூடிண்டு டாக்டர் பட்டத்தை வாங்கிண்டு வா, அப்புறம் எந்தப் பூனைக்கு வேணும்னாலும் மணி கட்டலாம்" என்றாள் அம்மா. அதுவும் விஞ்ஞான முறைக்கு ஒத்துத்தான் இருந்தது.

தீபாவளி முடிந்த வாரம் மேரி அவளைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டுப் பக்கம் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், சாரு காலிபீலி, சும்மாவே, என் மேல பழி போடுறாரு. நானு அந்த ரூமுல வெறுங்கையால ஒரு தூசியத் தொட்டது இல்ல. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேரிக்கா."

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா சாரு கேப்பாரு. இன்னும் ரெண்டு மாசம் தாண்டினா போதும், அப்பறம் இந்த வீட்டுக்காரருக்கு மருந்து மாத்திரைக்காவது நிம்மதி."

"பாக்கலாம் மேரிக்கா," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

'பாக்கலாம்' என்ற வார்த்தையைப் போலத் தமிழில் உபகாரமான வார்த்தை வேறில்லை. கேட்டவளுக்குக் கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுத்தவளுக்கு ஒன்றும் குறையாது. மேரி அதை நம்பி, "காட் ப்ளெஸ் யூ மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஸ்ரீலக்ஷ்மி சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடினாள். ஆனால் டாக்டர் அறைப் பக்கம் கால் நகரவில்லை.

அக்டோபர் கடைசி நாள் அவளால் முடிந்த வீரம் இவ்வளவுதான்: வேலை முடிந்து எல்லாரும் கழற்றிப் போட்ட கையுறைகளை, யாருக்கும் தெரியாமல், யாருடையது எது என்று குறித்துத் தனித்தனிப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தாள். டாக்டருடையது, மந்தாருடையது, அவளுடையது, அன்றோடு கணக்கு முடித்துக்கொண்டு போன மேரியுடையது. மேரி போகும்போது மடி அறைச் செருப்பைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் நடுவில் டாக்டர் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் பேனாவையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மை காய்ந்தது. மறுநாள் காலை ஸ்ரீலக்ஷ்மிக்குத் தைரியம் வந்தது. இவ்வளவு நாள் அது எங்கே தங்கியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு கையுறையின் விரல் நுனியையும் சுத்தமான தண்ணீரில் அலசினாள். அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டு எடுத்து, நல்ல முக்கோணச் சரக்கோடு கலந்து, சற்று வைத்திருந்து, ஜெல்லில் ஓட்டினாள். பெயர் போடவில்லை, நம்பர் மட்டும் போட்டாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் படத்தை டாக்டர் முன்னால் வைத்தாள்.

"இது எல்லார் கையுறையும் சார். யார் கைல தப்புன்னு பாக்க."

டாக்டருக்குப் பிடித்துப்போனது. தீர்ப்புச் சொல்கிற வேலை அவருக்கு எப்போதும் பிடிக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணாம் நம்பர், பரவால்ல. ரெண்டு, கொஞ்சம் இழுத்திருக்கு, கவனக்குறைவு, கண்டிக்கணும்." அது ஸ்ரீலக்ஷ்மி; மூக்குக் கண்ணாடியை அடிக்கடி தள்ளிவிட்டுக்கொள்வாள். "மூணாம் நம்பர் பாருங்கோ! பளிச்சுனு கோடு! புதுக் கையுறைல ஓட்டினாப்ல இருக்கு. இப்படின்னா வேலை செய்யணும். யாரு, மந்தாரா?"

மந்தார் இல்லையென்று தலையை ஆட்டினான். அவன் ஒன்றாம் நம்பர்.

"நாலு..." டாக்டர் படத்தைக் கிட்டே கொண்டுபோனார். நாலாம் நம்பரில் கோடும் இல்லை, மெழுகலும் இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒன்றுமே இல்லை. "ராம ராமா! துடைச்சு வெச்சுடுத்தே! இது மனுஷக் கையா? இந்த நாலாம் நம்பர் யாரா இருந்தாலும் இனி என் அறைக்குள்ள காலடி எடுத்து வெக்கப்படாது. நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ? மேரிதானே?"

"மேரிக்கா மூணு சார்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"அப்ப நாலு?"

மந்தாருக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனாலும் அந்த நிமிஷம் அவன் ஜன்னல் வழியாகச் சிங்கக்கட் கோட்டையை மிகவும் அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினான்.

"நீங்க பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி கண்ணுல ஒத்திக்கறேள் சார்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "ஒவ்வொரு தரமும்."

டாக்டர் தம் விரல்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிழல் வந்து போனது; நல்ல மனிதர் ஒருவர் உள்ளே எங்கோ இருந்து எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த மனிதர் வெளியே வருவதற்குள், உள்ளேயிருந்த டைரக்டர் முந்திக்கொண்டு வந்துவிட்டார்.

"கையுறை பேட்ச் சரியில்ல போலிருக்கு," என்றார் டாக்டர்.

ஆனாலும் முட்டாள் இல்லை அவர். மறுநாளிலிருந்து பரிசோதனை மேஜைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். நிர்வாக வேலை தலைக்கு மேல் இருப்பதாகச் சொன்னார். முக்கோணம் அடுத்த வாரமே முக்கோணமாக நின்றது. எலி வேலைக்குத் தேதி குறித்தார்கள். 'ஆய்வகங்களில் மனிதக் கைகளால் வரும் கேடுகள்: ஒரு புனே அனுபவம்' என்று டாக்டர் பின்னால் பெங்களூரில் கட்டுரை வாசித்துக் கைதட்டல் வாங்கினார். யாருடைய கை என்பதை மட்டும் இடமின்மையால் விட்டுவிட்டார்.

"மேரியைத் திரும்பி வரச் சொல்லு," என்று ஸ்ரீலக்ஷ்மியிடம் சொன்னார். "நல்லா வேலை செய்யறவ. ஆனா நடுவுல அறுந்துபோயிடுத்தே, பழைய சர்வீஸ் சேராதாம். புதுசா ஆரம்பிக்கணும். நிரந்தரம்லாம் அப்புறம் பாக்கலாம். அது ஆபீஸ் சமாச்சாரம், என் கைல இல்ல."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீலக்ஷ்மி லோக்கல் ரயில் ஏறிக் கட்கிக்குப் போனாள். நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேரி அப்போதுதான் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து ஸ்டவ்வில் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். இருதயராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தார். நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து உட்கார இடம் பண்ணினாள் மேரி.

ஸ்ரீலக்ஷ்மி எல்லாவற்றையும் சொன்னாள். ஜெல், நம்பர், மூணாம் நம்பரை டாக்டர் புகழ்ந்தது, நாலாம் நம்பர், கண்ணில் ஒற்றிக்கொண்டது. கதையை நன்றாகவே சொன்னாள்; டாக்டர் மாதிரி செய்தும் காட்டினாள். இருதயராஜ் சிரித்துச் சிரித்து இருமினார். புது நியமனம், பழைய சர்வீஸ் சேராது என்ற இடத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள்.

மேரி சிரிக்கவில்லை. கரண்டியைத் தட்டின் மேல் வைத்தாள்.

"இத்த நீங்க எப்பம்மா பாத்தீங்க?"

"ரிசல்ட் வெள்ளிக்கிழமைதான் வந்தது மேரிக்கா."

"ரிசல்ட்டு கேக்கல. சாரு கண்ணுல ஒத்திக்கினத."

பொய் சொல்ல ஸ்ரீலக்ஷ்மி வாயைத் திறந்தாள். செப்டம்பர் என்று சொல்லலாம், போன மாதம் என்று சொல்லலாம். மேரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கம் ஸ்ரீலக்ஷ்மிக்குக் காதுவரை ஏறியது. இத்தனை மாதத்தில் முதல் முறையாக, ஆதாரம் எதுவும் கேட்காமல்.

"ஆகஸ்ட்ல," என்றாள்.

இருதயராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. மேரி ஸ்டவ்வைக் குறைத்தாள். டீ போட்டு, கண்ணாடி கிளாஸைக் கழுவி, துடைத்து, மறுபடி ஒரு தரம் கழுவி ஊற்றிக் கொண்டுவந்து ஸ்ரீலக்ஷ்மியின் கையில் கொடுத்தாள்.

"திங்கக்கிழம வந்துடறேன்னு சொல்லுங்க மேடம், வேற போக்கு இன்னா இருக்கு. சாரு மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு பாவம், தெரியாமதான பண்ணாரு."